எக்ஸ்ரேக்குள் ஓர் ஆரக்கால்

என் வீட்டுக்காரர் நெஞ்சில் முதலில் வெளிச்சம் வைத்தது ஆஸ்பத்திரியில் இல்லை, சிறுவாச்சூரில்.

அவர் பாரவண்டி ஓட்டியவர். குன்னத்துப் பக்கம் எங்கள் ஊர். பருத்தியும் வெங்காயமும் மூட்டையாகிற காலத்தில் அவருக்கும் மாட்டுக்கும் ஓய்வு கிடையாது. எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை, அந்த வருஷம் பருத்தி எடுப்பு முடிகிற சமயத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. பருத்தித் தூசி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சித்திரை பிறந்தும் இருமல் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு கொதிக்கும். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது.

அவருடைய தங்கையை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் அவள் தினமும் ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பாள். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவளே பேசுவாள். அவள்தான் சிறுவாச்சூர் காளியம்மனுக்கு நெஞ்சு மாவிளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டாள். எந்த இடத்தில் நோவோ அந்த இடத்தில் மாவிளக்கு ஏற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். வயிற்று வலி என்றால் வயிற்றில், தலைநோவு என்றால் நெற்றியில். அந்தக் கோயிலைத் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் திறப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை போய், அரிசியை ஊறவைத்து அங்கேயே உரலில் இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்தோம். அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, வெற்று நெஞ்சில் வாழையிலைத் துண்டு போட்டு, அதன்மேல் மாவை வைத்துக் குழித்து, நெய் விட்டுத் திரி ஏற்றினேன்.

"அண்ணே, இருமிறாத. நெய்யி மேல கொட்டிரும்" என்று தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு நாத்தனார் சொன்னாள்.

"நீ வாய மூடு. சிரிப்பு வந்தாத்தான் கொட்டும்" என்றார் அவர், கண்ணை மூடியபடி.

திரி தானாக அணையும்வரை அவர் இருமவில்லை. இருமலை அடக்கியதில் கழுத்து நரம்பு புடைத்து நின்றதை நான் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னது வேறு: "பாத்தியா புள்ள, வௌக்கு இருந்த மட்டும் இருமலே வரல. சூடு நல்லா உள்ள ஏறிச்சு."

கொஞ்ச நாள் தேவலை போலத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் காலையில் துப்பியபோது எச்சிலில் ரத்தம் கண்டது. அவர் மண்ணைத் தள்ளி மூடினார். நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "எக்ஸ்ரே எடுக்கணும்" என்றார். அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே வந்ததும் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாத்த அண்ணி எடுக்கப் போறாங்க? கத்தி வெப்பாங்களோ?"

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்து பார்த்தாள். "கத்தியும் இல்ல, கோடாலியும் இல்ல. நெஞ்சுல வெளிச்சம் அடிப்பாங்க. இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வரும். அவ்வளவுதான்."

என் வீட்டுக்காரரின் முகம் தெளிந்துவிட்டது. "வெளிச்சந்தானா" என்றார்.

அந்த அறைக் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு இருந்தது. அது எரிந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது. எரிந்தது, உடனே அணைந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"சிறுவாச்சூர்ல வெச்சாப்புலயேதான் புள்ள. அது மேலோட இருந்துச்சு. இது நேரா உள்ளயே போவுது. சூடு தெரியுது."

டி.பி. என்று சொல்லி அவரை அங்கேயே படுக்கவைத்துக்கொண்டார்கள். தினம் ஊசி, கை நிறைய மாத்திரை. பக்கத்துப் படுக்கையில் பெரம்பலூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். பெரிய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர். எந்தச் சாமானைப் பார்த்தாலும் அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று கிளம்பிவிடுவார். தம்ளரைக் கையில் எடுத்தால் தம்ளர் என்ற பேருக்குக் கதை சொல்வார், கஞ்சி ஆறிவிடும். என் வீட்டுக்காரருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வண்டி மேல் தனியாகவே போய் வந்தவருக்குப் பேச ஓர் ஆள் கிடைத்தது.

ஒரு மத்தியானம் நான் படுக்கைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தேன். மேலே இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

"வாத்தியாரே, எக்ஸ்ரே எக்ஸ்ரேங்கறாங்களே, அப்படின்னா என்னாங்க?"

"அது ரெண்டு வார்த்த, வண்டிக்காரரே. எக்ஸுன்னா தெரியாதுன்னு அர்த்தம். கணக்குல தெரியாத ஒன்ன எக்ஸுன்னு வெச்சுக்குவோம்ல."

"நான் எங்கங்க கணக்குப் போட்டேன். மூட்ட எண்ணுவேன்."

"இந்த வெளிச்சத்தக் கண்டுபுடிச்ச தொரைக்கு இது என்னா வெளிச்சம்னு புரியல. அதான் எக்ஸுன்னு பேரு வெச்சிட்டாரு."

"கண்டுபுடிச்சவருக்கே தெரியலயா? அப்ப நம்ம டாக்டரு பாவந்தான்."

வார்டு முழுக்கச் சிரித்தது. அங்கே சிரிப்பு என்றால் பாதி இருமல். அது அடங்க வெகு நேரமாயிற்று.

"சரிங்க, ரேன்னா?"

"ரேன்னா கதிர். சூரியக் கதிர்னு சொல்றமே. ஒரு எடத்துலேர்ந்து பொறப்பட்டு நேரா நீண்டு போற வெளிச்சம். ஆனா அது இங்கிலீஷ்காரனுக்குச் சொந்த வார்த்த கெடையாது. பிரெஞ்சுக்காரங்கிட்டேர்ந்து வாங்கினது. அவனுக்கு லத்தீன்லேர்ந்து வந்தது. லத்தீன்ல அந்த வார்த்தைக்கு என்னா அர்த்தம் தெரியுமா? ஒங்களுக்குத் தெரிஞ்ச சாமான்தான். வண்டிச் சக்கரத்து ஆரக்கால்."

கட்டில் கிறீச்சிட்டது. இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது.

"சக்கரத்து நடுக் குடத்துல அடிச்சு, வெளி வட்டைக்கு ஏத்தற ஆரக்காலா?"

"அதேதான். சூரியனக் குடம்னு வெச்சுக்குங்க. சுத்திலும் நாலாப் பக்கமும் வெளிச்சம் போவுதுல்ல, ஆரக்கால் போறாப்புல. அதப் பாத்து வெச்ச பேரு."

இவர் மெதுவாகச் சிரித்தார். "இத்தன காலமா அது மேலதான் குந்திகிட்டுப் போயிருக்கேன். ஒருத்தரும் சொல்லல பாருங்க."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கேயோ ஒரு தேசத்தில், எந்தக் காலத்திலோ, யாரோ ஒருவன் வண்டிச் சக்கரத்தையும் சூரியனையும் மாறிமாறிப் பார்த்திருக்கிறான். அந்தப் பேர் ஒவ்வொரு வாயாக ஏறி இறங்கி அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நாம் கதிர் என்கிறோமே, அது சோளக்கதிரைப் பார்த்து வைத்த பேரா என்று வாத்தியாரைக் கேட்க ஆசை. வாய் வரவில்லை. தம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வாத்தியார் குரல் மாறியிருந்தது. "ஒன்னு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. அது உள்ள இருக்கறதப் படம் புடிச்சுக் காட்டும், அவ்வளவுதான். கொணமாக்கறது ஊசியும் மாத்திரையும்."

"நீங்க சிறுவாச்சூர் போயிருக்கீங்களா, சார்?"

"போனதில்ல."

"அதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஊசி வேலை செய்தது. காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது. ஆனால் அவர் அதை ஊசியின் கணக்கில் சேர்க்கவில்லை. ஆசாரிப் பட்டறையில் பாதி நாளைக் கழித்தவர் அவர். சக்கரத்தில் ஓர் ஆரக்கால் ஆட்டம் கொடுத்தால் பாரம் தாங்காது. ஆசாரி அதைக் கழற்றிவிட்டுப் புதுசு அடித்து ஏற்றினால், அப்புறம் எத்தனை மூட்டை வேண்டுமானாலும் ஏற்றலாம். அவர் மனசில் அந்த எக்ஸ்ரே இப்படித்தான் போய் உட்கார்ந்தது. ஊருக்குத் திரும்பியதும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார்.

"நெஞ்சுல ஒன்னு ஆடிப்போயிருந்துச்சு. வெளிச்சத்துல ஆரக்கால் செஞ்சு அடிச்சு ஏத்திட்டாங்க. இனிமே சாயாது."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர் உடம்பும் அப்போது அப்படித்தான் தேறியிருந்தது. யாரால் இல்லை என்று சொல்ல முடியும்?

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். மாத்திரையை வருஷம் முழுக்க, அதற்கு மேலும் சாப்பிட வேண்டும், உடம்பு நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்றார். நான் தினமும் காலையில் மாத்திரையும் தண்ணீரும் அவர் பக்கத்தில் வைப்பேன். ஆடி மாசம்வரை சாப்பிட்டார். பிறகு வைத்தது வைத்தபடி இருந்தது. சொல்லிப் பார்த்தேன், சிரித்துவிட்டுப் போனார். நாத்தனாரிடம் சொன்னேன். அவள் நேராக வண்டியண்டை போய் நின்றாள்.

"ஏண்ணே, அண்ணி ஒரு வாரமா மொகத்தத் தூக்கி வெச்சிகிட்டு இருக்கு. அந்த மாத்திரயத் தின்னுத் தொலைச்சா என்னா?"

"ஒங்க அண்ணிக்கு வாய் இல்லன்னு நீ வாடகைக்கு வந்தியா?"

"ஆமா, வாடகதான். மாத்திரயத் தின்னு, அதான் எனக்குக் கூலி."

"ஏம்மா, ஆரக்கால் மாத்தின பொறவு ஆசாரியத் தெனம் வந்து தட்டிப் பாக்கச் சொல்லுவாங்களா?"

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். எனக்குப் பதில் தோன்றியது. கதவோரம் நின்றபடி சொன்னேன்: "தெனம் அச்சுக்கு எண்ணெ வுட்டுட்டுத்தான வண்டியக் கெளப்புறீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். நாத்தனார் கைதட்டிச் சிரித்தாள். "அப்படிப் போடுங்க அண்ணி" என்றாள். அவரும் சிரித்துவிட்டு உள்ளே வந்து மாத்திரையை விழுங்கினார். அந்த வார்த்தைக்குக் கொஞ்ச நாள் பலன் இருந்தது. பிறகு வெங்காயச் சுமை வந்தது. விடியுமுன் வண்டி கட்டிக்கொண்டு போய்விடுவார். பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தால், துணி துவைக்கும்போது அப்படியே திரும்பி வரும்.

அடுத்த பருத்திக்கு நோய் திரும்பிவிட்டது. வேப்பந்தட்டைக்குப் பாரம் ஏற்றிப் போனவர் வெறும் வண்டியில் படுத்தபடி வந்து சேர்ந்தார். மாடுகளாக வழி பார்த்து வந்து வாசலில் நின்றன. துண்டு முழுக்க ரத்தம். ஆனால் அவர் பயப்படவில்லை.

"மறுபடி ஆடுது புள்ள. இன்னொரு எக்ஸ்ரே போட்டா நின்னுரும். நாளைக்கே போவோம்."

அரியலூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி ஊர் ஊராகப் பேர் சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் பிடித்தார். பழையதில் ஒரு பக்கம் மட்டும் கொட்டைப் பஞ்சு ஒட்டிக்கொண்டது போல வெள்ளையாக இருந்தது. புதியதில் இரண்டு பக்கமும் பஞ்சுதான். எனக்கே தெரிந்தது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"எக்ஸ்ரே எடுத்தீங்களேய்யா" என்றார் இவர்.

டாக்டருக்குப் புரியவில்லை. "எடுத்தோம். மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேக்கறேன்."

"அதான், எக்ஸ்ரே எடுத்தீங்கள்ல."

டாக்டர் படங்களை மேஜையில் வைத்தார். இவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று தலை குனிந்தேன். அவர் திட்டவில்லை. பொறுமையாக எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். எக்ஸ்ரே குணமாக்காது, மறுபடி ஊசியிலிருந்து தொடங்க வேண்டும், இப்போது மருந்து கேட்பது கஷ்டம் என்றார். இவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து, "இந்த டாக்டரு புதுசு போலருக்கு" என்றார். அதே டாக்டர்தான்.

வார்டில் பக்கத்துப் படுக்கையில் வேறு யாரோ இருந்தார்கள். வாத்தியார் குணமாகிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்று ஆயாம்மா சொன்னாள்.

"அவருக்கு எத்தன எக்ஸ்ரே போட்டாங்களாம்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

ஊசியை இந்தத் தடவை அவர் உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை. காது இரைந்தது, சோறு இறங்கவில்லை. ஊசி வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எக்ஸ்ரே எப்போ, எக்ஸ்ரே எப்போ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் டாக்டரே படம் எடுத்துவரச் சொன்னார். நானும் நாத்தனாரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அந்தக் கதவுவரை கூட்டிப் போனோம். எக்ஸ்ரேக்காரர் சிடுசிடுப்பானவர். மூச்சைப் பிடிக்காவிட்டால் படம் கெட்டுவிடும் என்று எல்லோரிடமும் சத்தம் போடுவார். அவரைப் பார்த்து இவர் கும்பிட்டார்.

"அய்யா, ஒரு ஒதவி. மத்தவங்களுக்கு வுடறத வுட எனக்குக் கொஞ்சம் கூட வுடுங்கய்யா."

"என்னாத்த?"

"வெளிச்சத்த. போன தடவ பத்தல."

எக்ஸ்ரேக்காரர் எங்களைப் பார்த்தார். நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் இவரை உள்ளே கூட்டிப்போனார். சிவப்பு பல்பு எரிந்தது. அணைந்தது. அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இவர் வெளியே வரவில்லை.

கதவு முழுக்கச் சாத்தவில்லை. இடுக்கில் பார்த்தேன். இவர் சட்டையில்லாமல் பலகையில் நெஞ்சை ஒட்டி, இரண்டு கையையும் விரித்து, கண்ணை மூடி நின்றார். முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. மெஷின் அணைந்துவிட்டது. எக்ஸ்ரேக்காரர் சுவரோரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை.

"போதுமா, பெரியவரே?" என்று வெகு நேரம் கழித்துக் கேட்டார். என் வீட்டுக்காரருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

"போதுங்கய்யா. நல்லா இருப்பீங்க."

வெளியே வந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கித்தான் புள்ள சரியா ஏறிச்சு" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

அன்றைக்கு ஊசிக்குத் தானாகவே கையை நீட்டினார். ரசம் ஊற்றிக் கொஞ்சம் சோறும் சாப்பிட்டார். மாட்டுக்குப் புண்ணாக்கு வைத்தார்களா என்று கேட்டார். நாத்தனார் அந்தச் செய்தியைச் சொல்ல ஊருக்கே ஓடினாள். அதே வாரத்தில், காலையில் நான் காப்பி வாங்கிவரப் போயிருந்தபோது அவர் போய்விட்டார். நான் திரும்பி வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். தூக்கில் காப்பி சூடாக இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில், வீட்டில் கூட இருந்தவர்கள் வந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னார். கூட இருந்தது நான் ஒருத்திதான். நாத்தனார் துணைக்கு வந்தாள். அதே அறை. அந்த எக்ஸ்ரேக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்று பார்வையிலேயே தெரிந்தது.

"கழுத்துல இருக்கறதப் பின்னால தள்ளிக்கம்மா" என்றார், எல்லாப் பெண்களிடமும் சொல்கிற பழக்கத்தில். சொல்லி முடிக்கும்போதே என் கழுத்தைப் பார்த்துவிட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலேயே தோளைப் பலகையோடு சரிசெய்தார்.

பலகை சில்லென்று இருந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பின்னால் தாழ்ப்பாள் விழுந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

"முடிஞ்சிருச்சும்மா."

நான் நகரவில்லை. சூடு எதுவும் இல்லை. ஒன்றும் ஏறவும் இல்லை. கண்ணுக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லை, அறை இருட்டாகத்தான் இருந்தது. வெளி ஆண்களிடம் நானாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"சூடா ஏறும்னு சொல்லுவாரு. யாருக்காச்சும் அப்படித் தெரியுங்களா?"

"இல்லம்மா. யாருக்கும் எதுவும் தெரியாது."

டாக்டர் என் படத்தைப் பார்த்து, இடது பக்கம் சின்னதாக ஒன்று இருக்கிறது, இப்போதே பிடித்துவிட்டோம், பயமில்லை என்றார். மாத்திரைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, முன்பு அவரிடம் சொன்ன அதே பேச்சைத் தொடங்கினார். எனக்கு அது மனப்பாடம். முழுக்கவும் நின்று கேட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் நாத்தனார் கேட்டாள்: "எப்படி அண்ணி இருந்துச்சு? அண்ணன் சொன்னாப்புல ஏறிச்சா?"

"எனக்கு ஒன்னும் தெரியல."

"அண்ணனுக்குத் தெரிஞ்சுதே" என்றாள். அழவில்லை, பெருமையாகத்தான் சொன்னாள். பஸ் வருகிறவரை அவள் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குழாயடிக்குப் போய்க் கையில் தண்ணீர் பிடித்து, முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினேன்.